சாமைக் கஞ்சியும் அரை மில்லிமீட்டர் வட்டங்களும்

காலை ஆறு இருபது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் முதலில் தெரிந்தது வட்டங்களுக்கு இடையே கிடந்த இடம். அது காலியாக இருக்க வேண்டும். காலியாகவே இருந்தது. அதன் பிறகுதான் வட்டங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அகலம். உள்ளே மனிதக் கல்லீரல் செல்கள், தளத்துக்குக் கல் பாவியதுபோல ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. முந்தின நாள் நான் தட்டில் விட்டவை. வட்டத்துக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. அதற்கு முன் பல மாதங்களாக அவை கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு எங்களை அலைக்கழித்தன.

இதை இப்போது எழுதக் காரணம் காயத்ரி. என்னோடு வேலை பார்த்த பெண், இன்றைக்கு அந்த ஆய்வகத்தில் மூத்தவள். இப்போதெல்லாம் கல்லீரல் செல்கள் வட்டம் வட்டமாகப் பதிக்கப்பட்ட தட்டுகள் பெட்டியில் கூரியரில் வந்துவிடுகின்றனவாம். பிரித்து, ஊட்டநீரை மாற்றி, சோதிக்க வேண்டிய மருந்தை விட்டால் போதும். "நீங்க இதைக் கையால செஞ்சீங்கன்னா புதுசா வந்த பசங்க நம்ப மாட்டேங்கறாங்க மேடம். எழுதிக் குடுங்க" என்றாள்.

எனக்கு ஊர் சேந்தமங்கலம். அத்தா கொல்லிமலை மிளகும் சாமையும் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். இப்போது அண்ணன் நடத்துகிறார். நாமக்கல்லில் விலங்கியல் படித்தேன். வேலை கிடைக்கும்வரை சேலத்தில் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்த்தேன். செய்தியின் விறுவிறுப்பில் மாட்டிக்கொள்ளாமல் எழுத்தை எழுத்தாகப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. பிறகு கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் செல் வளர்ப்புப் பிரிவில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

கல்லீரல் செல்லின் குணத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். உடம்புக்குள் இருக்கும்வரை அது ஓயாமல் வேலை செய்யும். ரத்தத்துக்கு வேண்டிய புரதத்தைச் செய்யும், தின்றதையும் குடித்ததையும் மருந்தையும் பிரித்துப் போடும். வெளியே எடுத்துத் தட்டில் பரப்பினால் சாகாது. ஆனால் சில நாளில் வேலையை விட்டுவிடும். தட்டையாகிப் படுத்துக்கொள்ளும். உயிர் இருக்கும், கல்லீரலாக இருக்காது. அதன்மேல் ஒரு மருந்தை ஊற்றி "ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னால் அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது.

அதை வேலையில் வைத்திருக்க ஒரு வழி உண்டு. தன் இனத்தோடு நெருக்கமாக ஒரு சிறு கூட்டமாக உட்கார வைத்து, அந்தக் கூட்டத்தைச் சுற்றி வேறு இனச் செல்களை நிரப்ப வேண்டும். நாங்கள் நிரப்பியது எலியிலிருந்து வந்த நார்ச்செல்கள். அவை சுற்றிலும் இருந்தால் கல்லீரல் செல் வாரக்கணக்கில் வேலை செய்கிறது. கூட்டம் மிகச் சிறிதானாலும் சரிவராது, மிகப் பெரிதானாலும் சரிவராது. ஏன் அப்படி என்று எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு முழுத் திருப்தி தந்த பதில் இன்றுவரை இல்லை. அந்தக் கேள்விதான் என்னைத் தினமும் பஸ் ஏற வைத்தது.

செய்முறை இப்படி. ஒளியால் செதுக்கிய அச்சின்மேல் சிலிக்கான் கூழை ஊற்றி, காற்றுக் குமிழ் இல்லாமல் உறிஞ்சி, சூட்டில் கெட்டியாக்கி உரிப்போம். வரிசையாகச் சிறு மொட்டுகள் நிற்கும் ரப்பர்த் துண்டு கிடைக்கும். கொலாஜன் என்ற பசைப் புரதத்தைத் தட்டு முழுதும் பூசிக் காயவிட்டு, மொட்டுகள் கீழே பார்க்க அந்தத் துண்டை அழுத்தி வைத்து, மின்னூட்டிய வாயுவைச் செலுத்துவோம். மொட்டு மூடிய இடத்தில் மட்டும் பசை தங்கும், மற்ற இடமெல்லாம் எரிந்துபோகும். பிறகு கல்லீரல் செல்களை ஊற்றி, அவ்வப்போது தட்டை இடவலமாகவும் முன்பின்னாகவும் அசைக்க வேண்டும். சுழற்றினால் எல்லாம் நடுவில் குவிந்துவிடும். ஒட்டாததைக் கழுவிவிட்டு, மறுநாள் நார்ச்செல்களை விடுவோம். அவை இடைவெளியை நிரப்பிக்கொள்ளும்.

உடன் வேலை செய்த சதீஷ் அந்த அச்சுக்குப் பணியாரச் சட்டி என்று பெயர் வைத்தான். டெல்லியிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் முன்னால் வாய்தவறி என்னிடம், "பணியாரம் இன்னிக்கு ஒட்டிருச்சு மேடம்" என்று சொல்லிவிட்டான். அவர் மரியாதையாகத் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

கல்லீரல் செல்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இறந்தவரின் குடும்பம் தானமாகக் கொடுத்து, யாருக்கும் பொருத்த முடியாது என்று மருத்துவர்கள் ஒதுக்கிய கல்லீரல்களிலிருந்து. அதனால் ஒரு தட்டு கெட்டுப்போனால் யாரும் சிரிக்க மாட்டோம்.

எங்கள் பிரிவின் தலைவி மங்கை மேடம். குட்டையான உருவம், ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். நன்றாக இருக்கிறது என்றோ மோசம் என்றோ அவர் வாயில் வந்து கேட்டதில்லை. அவரிடம் ஒரு விதி இருந்தது. தட்டைப் புகைப்படம் எடுப்பதற்கு முன் பென்சிலால் வரைய வேண்டும். கேமரா எல்லாவற்றையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளும், கை எங்கே தயங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வரைந்ததைக் கொண்டுபோனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார். "இது செல்லா, கை முறுக்கா?" என்பார். திரும்பப் போய் வரைவோம். தட்டுகளில் எது எது என்று வரைகிறவருக்குத் தெரியக்கூடாது. எண் ஒட்டும் வேலையை அவரே செய்வார்.

நல்ல கல்லீரல் செல்களை வரையும்போது இரண்டு செல்லுக்கு நடுவே ஒரு பளிச்சென்ற கோடு வரும். பித்தநீர் போகும் வாய்க்கால் அது. வேலை செய்கிற செல்லுக்குத்தான் அந்தக் கோடு இருக்கும். அதற்காகவே பென்சிலைக் கூராகச் சீவி வைத்திருப்பேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு அண்ணன் போன் செய்தார். கடையில் மல்லிகா என்ற பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னார். கொல்லிமலையில் குண்டூர் நாட்டுக்காரர், வருடா வருடம் மிளகு கொண்டுவருகிறவர். கணவர் செல்லமுத்துவுக்கு வயிறு வீங்கி நீர் கோத்து, மருத்துவமனையில் கிடக்கிறார். சாராயம் தொடாதவர். சில மாதம் முன்பு மல்லிகாவின் மாமனாரும் இதே மாதிரி வயிறு வீங்கி இறந்திருக்கிறார். சாப்பாட்டில் ஏதோ இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட மருத்துவர், வீட்டில் இருந்த உணவுப் பொருள்களை எங்கோ அனுப்பிச் சோதித்ததில், கல்லீரல் செல்லுக்குக் கெடுதல் இல்லை என்று பதில் வந்துவிட்டது.

அந்தப் பதில்தான் மல்லிகாவுக்கு வினையானது. சாப்பாட்டில் கோளாறு இல்லை என்றால், ஆக்கிப் போட்டவள் எதையோ கலந்திருக்கிறாள். செல்லமுத்துவின் அக்கா வெள்ளையம்மா அப்படித்தான் முடிவு கட்டினார். மருந்து வைத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. இரண்டு பிள்ளைகளையும் வெள்ளையம்மா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். மல்லிகாவை வாசல்படி ஏறவிடவில்லை. போலீசுக்குப் போவதாகவும் சொல்லியிருந்தார்.

அந்தச் சோதனையை எப்படிச் செய்தார்கள் என்று நான் அந்த மருத்துவரிடம் கேட்டேன். கல்லீரல் செல்லைத் தனியாகப் பரப்பி, நாலாம் நாள் மாதிரியைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் செல் அதற்குள் வேலையை விட்டிருக்கும்.

மேடத்திடம் போனேன். சன்னல் பக்கம் நின்று கேட்டார்.

"உனக்குச் சொந்தமா?"

"இல்லைங்க மேடம். அண்ணன் கடைக்கு வர்றவங்க."

"மாதிரி ஆஸ்பத்திரி வழியா வரணும். எடுக்கற எடத்துக்கு நீ போ. என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்காத. யாரு எந்தச் சட்டியில சாப்பிட்டாங்கன்னு கேளு."

மருத்துவமனை கேட்டுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு மலை ஏறினேன். செம்மேடு பஸ் நிலையத்தில் மல்லிகா காத்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கட்டைப்பையில் கணவரின் மருந்துச் சீட்டுகள். அங்கிருந்து ஆட்டோவில் குண்டூர் நாட்டுக்குப் போனோம். வழியில் கேட்டேன்.

"ஊட்டுல எல்லாருக்கும் ஒரே சமையலா?"

"இல்லீங்கக்கா. எனக்கும் புள்ளைங்களுக்கும் ரேசன் அரிசிச் சோறு. அவருக்கும் மாமனாருக்கும் சக்கரை இருக்குதுங்க. சாமை தின்னா நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. அதனால அவங்களுக்கு மட்டும் தனிச் சட்டியில சாமைக் கஞ்சி. ரெண்டு வேளையும்." கொஞ்சம் நிறுத்தி, "தனிச் சட்டியில ஆக்குனதுதான் எனக்கு எமனா வந்துருச்சு" என்றார்.

"அந்தச் சட்டியில நீங்க ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டீங்களா?"

"பஞ்சமா இருந்தப்ப தின்னதுங்க. இப்பத்தான் அரிசி வருதே. அவருகூடக் கிண்டல் பண்ணுவாரு, சக்கரை வந்தவனுக்குத்தான் ராஜ சாப்பாடுன்னு."

வீடு பூட்டிக் கிடந்தது. சாவி வெள்ளையம்மாவிடம். அவர் வந்து திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உயரமான பெண், வெயிலில் கறுத்த முகம். மல்லிகாவின் பக்கம் திரும்பவே இல்லை. மல்லிகா வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"ஏனுங்க, நீங்க ஈரலுக்குச் சோதனை பண்றவங்களாமா? என்னத்த வெச்சாள்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எங்கப்பனைக் கொன்னாச்சு. தம்பியாச்சும் பொழைக்கட்டும்" என்றார்.

அடுப்படியில் ஒரு டப்பாவில் சாமை நொய் பாதி இருந்தது. வெள்ளைத் தாளில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். வெளுத்த நொய்க்கு நடுவே பழுப்பு நிறத்தில் பளபளக்கும் துணுக்குகள். உமி இப்படிப் பளபளக்காது. வெளியே கொண்டுபோய் மல்லிகாவிடம் காட்டினேன். மில்லில் உடைத்து வந்தது, உமியாகத்தான் இருக்கும் என்றார்.

"உடைக்காத சாமை இருக்குதா?"

"அது நங்கையா ஊட்டுல இருக்குதுங்க." நங்கையா என்று கணவரின் அக்காளைச் சொன்னார். "அவங்க காட்டுல வெளஞ்சது. அப்பனுக்கும் தம்பிக்கும்னு அவங்களே செம்மேட்டு மில்லுல உடைச்சு மாசா மாசம் குடுத்து உடுவாங்க."

மூட்டையைப் பார்க்க வேண்டும் என்று வெள்ளையம்மாவிடம் கேட்டு, அவர் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளையம்மா தயங்கவே இல்லை. "எங்காட்டுச் சாமையில என்ன இருக்குது, தாராளமாப் பாத்துக்கோங்க" என்று மூட்டையின் வாயை அவரே அவிழ்த்தார். முறத்தில் ஒரு படி கொட்டினார். சாமையின் அளவிலேயே, சிறுநீரக வடிவத்தில், மழமழப்பான பழுப்பு விதைகள். முறத்தை லேசாகச் சாய்த்தால் சாமைக்கு முன்னால் அவை உருண்டு வந்தன.

"இது என்ன விதைங்க?"

"கிலுகிலுப்பைங்க. காட்டுல தானா மொளைக்கும். காய் காஞ்சா ஆட்டுனாச் சத்தம் வரும், புள்ளைங்க வெளையாடும். போன அறுப்பு மழையில மாட்டிக்கிச்சு. களை எடுக்க ஆள் இல்ல, சேத்து அறுத்துப் போட்டோம். முன்னெல்லாம் வேளைக்கு வேளை குத்திப் பொடைக்கையில கண்ணுல பட்டதை எடுத்துப் போடுவோம். மில்லுல மூட்டையாப் போட்டா எங்க பொறுக்கறது? மாடு தின்னாத்தான் ஆகாதும்பாங்க."

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: ஒரு விதை, ஒரு சந்தேகம். மேடத்தின் ஆய்வகத்தில் சந்தேகத்தை வெளியே சொல்லும் வழக்கம் இல்லை. சோதனை முடியும்வரை அந்த மூட்டையை யாரும் தொட வேண்டாம், மில்லுக்கும் கொண்டுபோக வேண்டாம் என்று மட்டும் சொல்லி, மாதிரிகளை மருத்துவமனை உறையில் போட்டு முத்திரை வைத்தேன். வெள்ளையம்மா எனக்கு மோர் கொடுத்தார்.

கோயம்புத்தூரில் தட்டுகள் தயாரானதும் மாதிரிகளை வீட்டில் செய்வதைப் போலவே உடைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி வடிகட்டினோம். மூட்டைச் சாமை ஒன்று. அதே மூட்டையில் விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நீக்கிய சாமை இன்னொன்று. விதை மட்டும் காய்ச்சியது வேறு. ஒன்றும் சேர்க்காதவையும் இருந்தன. கல்லீரல் செல்லே இல்லாமல் நார்ச்செல் மட்டும் வளர்ந்த சில தட்டுகளிலும் விதைச்சாறு விட்டோம். தினமும் புதிதாக ஊற்றினோம், ஏனென்றால் செல்லமுத்து தினமும் சாப்பிட்டிருந்தார்.

முதல் சில நாள் எல்லாத் தட்டும் ஒன்றுபோல இருந்தன. "பணியாரம் நல்லாத்தான் இருக்கு" என்றான் சதீஷ். எனக்கும் மலையிலிருந்து வெறும் களை விதையைச் சுமந்து வந்துவிட்டோமோ என்று தோன்றியது. இரண்டாம் வாரத்தில் வரைய உட்கார்ந்தபோது ஒரு தட்டில் பென்சில் நின்றது. செல்கள் இருந்தன, வட்டத்தின் ஓரம்கூடக் கலையவில்லை. ஆனால் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் வரைவதற்குக் கோடு இல்லை. சில செல்கள் பக்கத்தில் இருந்தவற்றைவிட இரண்டு மடங்கு பெருத்திருந்தன. கோடு இல்லாமலே வரைந்தேன். அடுத்த தட்டில் கோடு பளிச்சென்று இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை.

மேடம் கல்லீரல் செல் தட்டுகளின் படங்களையெல்லாம் மேசையில் பரப்பினார். என்னிடம் எதுவும் கேட்காமல் இரண்டு கட்டாகப் பிரித்தார். கோடு உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம். பிறகுதான் எண்களைப் பார்த்தோம். கோடு இல்லாத கட்டில் மூட்டைச் சாமையும் விதைச்சாறும். விதை பொறுக்கிய சாமை மறுபக்கம், ஒன்றும் சேர்க்காதவற்றோடு. செல்கள் செய்யும் புரதத்தை அளந்தபோதும் அதே கட்டுதான் குறைந்திருந்தது.

எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது நார்ச்செல் மட்டும் இருந்த தட்டுகள். விதைச்சாற்றில் அவை செழிப்பாக வளர்ந்திருந்தன. விதைக்குள் இருப்பது அப்படியே விஷம் அல்ல. வேலை செய்யும் கல்லீரல் செல் அதைப் பிரிக்கப் போய், பிரிக்கும்போது தானே விஷமாக்கிக்கொள்கிறது. வேலையை விட்ட செல் பிரிப்பதில்லை, அதனால் அதற்கு ஆபத்தும் இல்லை. முதல் சோதனை பொய் சொல்லவில்லை. படுத்துக்கிடந்த செல்லிடம் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மேடம் அத்தோடு விடவில்லை. வேறொருவரின் கல்லீரல் செல் வரும்வரை காத்திருந்து திரும்பச் செய்யச் சொன்னார். விதையைத் தாவரவியல் நிபுணரிடம் அனுப்பி உறுதி செய்தார். அறிக்கையில் "நிரூபணமாகிறது" என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, "நோயாளியின் நிலையோடு பொருந்துகிறது" என்று எழுதினார். மாமனாரைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. அவரிடமிருந்து எடுத்த மாதிரி எதுவும் எங்களிடம் இல்லை.

அதற்குள் சாமையை நிறுத்தி, வயிற்று நீரை எடுத்ததில் செல்லமுத்து கொஞ்சம் தேறிக்கொண்டிருந்தார். மருத்துவர் குடும்பத்திடம் சொல்லப்போகும் நாளுக்கு முன்பு மல்லிகாவுக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கேட்டார்.

"யாரு ஊட்டு மூட்டைன்னு டாக்டரு சொல்லுவாருங்களா?"

"அறிக்கையில எண்தான் இருக்கு. ஆனா அந்தச் சாமையை யாரும் சாப்பிடக்கூடாது மல்லிகா. அதைச் சொல்லித்தான் ஆகணும்."

"அது சொல்லுங்க. ஊருக்கே சொல்லுங்க. மழையில அறுத்த சாமையில விதை கலந்துருச்சுன்னு சொன்னாப் போதும். அவங்க அப்பனுக்கு அவங்களே குடுத்ததுன்னு என் வாயில வர வேண்டாமுங்கக்கா."

"உங்களை ஊட்டுக்கு வெளிய நிக்க வெச்சவங்க."

"ஆமாங்க" என்றார் மல்லிகா. "ஆனா அது வேற."

சுகாதாரப் பணியாளர்கள் குண்டூர் நாட்டில் வீடு வீடாகப் போய்ச் சாமையைப் பரப்பிப் பார்க்கச் சொன்னார்கள். வெள்ளையம்மா வீட்டுக்கும் போனார்கள். அங்கே மூட்டை இல்லை, காட்டில் குழி தோண்டிக் கொட்டியாகிவிட்டது என்று சொன்னாராம்.

செல்லமுத்து வீடு திரும்பிய அன்று பொழுது சாயும் நேரத்தில் வெள்ளையம்மா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மல்லிகா பின்னால் எனக்குச் சொன்னது இது. வாசலில் நின்றபடி, "புள்ளைங்களுக்குப் பசிக்குதாமா. சோறு இருக்குதா?" என்று கேட்டாராம். இருக்கிறது, நீங்களும் உட்காருங்கள் நங்கையா என்று மல்லிகா சொல்லியிருக்கிறார். அவர் உட்காரவில்லை. காலையில் வீட்டைத் திறந்துவிட்டுத் தன்னிடமே வைத்திருந்த சாவியைக் கதவு மாடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை மலைக்குப் போனேன். செல்லமுத்து நடமாடிக்கொண்டிருந்தார், கொஞ்சம் மெலிந்திருந்தார். பேருந்துக்குத் திரும்பும் வழியில் வெள்ளையம்மாவின் காடு இருந்தது. அதில் இப்போது சாமை இல்லை, மரவள்ளி நட்டிருந்தார்கள்.